இடது கால் மட்டும் வீங்கினால் இடுப்புக்குள்ளும் பார்க்க வேண்டும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் அக்காவுக்கு 34 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறார். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து மூன்று வருடமாக இடது கால் மட்டும் வீங்குகிறது. காலையில் எழும்போது பரவாயில்லை. பொழுது அடைய அடையக் கொலுசு இறுகுகிறது, ராத்திரி கால் உளைச்சலில் தூக்கம் வருவதில்லை. ஊரில் யானைக்கால் என்றார்கள். காலுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ‘நார்மல்’ என்று வந்தது. இப்போது இன்னொரு மருத்துவர் சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு, அடிவயிற்றில் ரத்தக்குழாய் நசுங்கியிருக்கிறது, அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைக்கலாம் என்கிறார். கால் வீக்கத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், இது உண்மைதானா, வைத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்கேன் பார்க்கிற மருத்துவர். இப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அது வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அதே சமயம், படத்தில் நசுங்கியிருப்பது தெரிந்துவிட்டதாலேயே அதுதான் நோய் என்றும், ஸ்டென்ட் வேண்டும் என்றும் ஆகிவிடாது. காலை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பதும் தவறு, படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்பதும் தவறு. உங்கள் அக்கா இப்போது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருவது தமனி, திரும்பக் கொண்டுபோவது சிரை. பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்கிறோம். ‘நரம்பு சுருட்டிக்கிட்டு’ என்று காட்டுவதும் சிரையைத்தான். தொப்புளுக்குச் சற்றுக் கீழே பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து, காலுக்கு ஒன்றாக இறங்குகிறது. இரண்டு காலிலிருந்தும் ஏறி வருகிற சிரைகள் அந்தப் பிரிவுக்குக் கொஞ்சம் கீழே, முதுகெலும்புக்கு வலப்பக்கமாக, ஒன்று சேர்ந்து பெருஞ்சிரையாகின்றன. சேருமிடம் வலப்பக்கம் இருப்பதால் வலது காலின் சிரை நேராக ஏறிவிடுகிறது. இடது காலின் சிரைதான் குறுக்கே கடந்து வர வேண்டும். அப்படிக் கடக்கும் இடத்தில் அதற்கு முன்னால் வலது காலுக்குப் போகும் தமனி, பின்னால் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு. தமனியின் சுவர் தடிப்பானது, நாடி துடிக்கும்போதெல்லாம் அடிப்பது. சிரையோ மெல்லியது, அழுத்தினால் மடங்கிவிடும். எலும்புக்கும் தமனிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அடி வாங்குகிற சிரைக்குள் சிலருக்குத் தழும்பு போல நார்த் திசு வளர்ந்து, நடுவில் தட்டி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

காலில் ரத்தக்கட்டி வந்தால் அது இடது காலில்தான் அதிகம் வருகிறது என்று ஜெர்மனி மருத்துவர் விர்ச்சோ 1851-லேயே கவனித்தார். நூறு வருடத்துக்குப் பிறகு, 1957-ல் மே, தர்னர் என்ற இரண்டு ஆஸ்திரிய மருத்துவர்கள் 430 சடலங்களை அறுத்துப் பார்த்ததில் 22 சதவீதத்தில் இந்த உள்தழும்பைக் கண்டார்கள். அதனால் இதற்கு மே-தர்னர் நோய் என்று பெயர். 1965-ல் காக்கெட், தாமஸ் என்ற இருவர் விரிவாக எழுதியதால் காக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் இரண்டில் எது இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் கன்னடியன் கால்வாயை நம்பி விவசாயம் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையில் சருகும் பாசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அடைப்புக்கு முன்னால் தண்ணீர் ஏறி நிற்கும். வரத்து நிற்காவிட்டால் கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு பக்கத்து வயல் வழியாகப் போகப் பார்க்கும். சிரையில் ரத்தம் காலிலிருந்து மேலே ஏறுகிறது. ஆகவே இடுப்பில் அடைத்தால் தண்ணீர் ஏறி நிற்கிற பக்கம் கால்தான். வீக்கம், கனம், உளைச்சல், நாளாக ஆகக் கணுக்கால் பக்கம் தோல் கறுத்துத் தடிப்பது, ஆறாத புண் எல்லாம் அதனால் வருவது. கரை உடைத்துக்கொண்டு போகிற வழிகளும் உண்டு: அடிவயிற்றுத் தோலுக்கடியில், கர்ப்பப்பையைச் சுற்றி, பிறப்புறுப்பின் ஓரத்தில், தொடையின் உள்பக்கம். அந்த இடங்களில் புடைத்த சிரைகள் தெரிந்தால், மேலே எங்கேயோ அடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

என்னுடைய ஒரு தவறை இங்கே சொல்கிறேன், உங்கள் அக்காவின் ‘நார்மல்’ ரிப்போர்ட்டோடு அது நேராகச் சம்பந்தப்பட்டது. பல வருடங்களுக்கு முன் துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. இடது கால் வீக்கம். கவட்டையிலிருந்து கணுக்கால் வரை டாப்ளர் பார்த்தேன். ரத்தக்கட்டி இல்லை, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கிற வால்வுகள் சரியாக இருந்தன. ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தேன். கல்யாணமாகி முதல் பிரசவம் முடிந்த பத்தாம் நாள், தொடை வரை வீங்கிய காலோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கவட்டைக்கு மேலே இடுப்புக்குள் வரை ரத்தம் உறைந்திருந்தது. அன்று ராத்திரி பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கவட்டைச் சிரையில் ரத்தம் ஓடும் அலை மூச்சோடு ஏறி இறங்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது குறையும், விடும்போது கூடும். அவளுடைய இடது பக்கப் படத்தில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை, கோடு போட்டதுபோல ஒரே மட்டமாக ஓடியிருந்தது. வலப்பக்கம் சரியாக இருந்தது. மேலே அடைப்பு இருக்கிறது என்று அந்தப் படம் எனக்குச் சொல்லியிருக்கிறது, நான்தான் அதற்கு மதிப்புக் கொடுக்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கால் பழைய நிலைக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஒற்றைக் கால் வீக்கம் என்று யார் வந்தாலும் இரண்டு கவட்டையிலும் அலையை ஒப்பிட்டுப் பார்க்காமல், அடிவயிற்றில் கருவியை வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. ஆகையால் தம்பி, உங்கள் அக்காவின் டாப்ளர் ரிப்போர்ட்டை எடுத்து, அதில் எங்கிருந்து எதுவரை பார்த்தார்கள் என்று படியுங்கள். கவட்டைக்குக் கீழே மட்டும் பார்த்திருந்தால், அந்த ‘நார்மல்’ கவட்டைக்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டும்தான். கவட்டைச் சிரையின் அலை மூச்சோடு மாறுகிறதா என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் போய்க் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. இந்தப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. இன்னொன்று, அந்த அலை நன்றாகவே இருந்தாலும் மேலே நசுக்கம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கரை உடைத்துக்கொண்டு போகிற அந்தப் பக்கவழிகள் நன்றாகத் திறந்திருந்தால் அலை ஏமாற்றிவிடும்.

யானைக்கால் விஷயத்துக்கு வருகிறேன். கால் வீங்கினாலே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவது நம் ஊர்களில் ஆச்சி காலத்துப் பழக்கம். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் ஒரு பெண் வெளியே வரவே கூச்சப்படுகிறாள். அந்த நோய் நிணநீர்க் குழாயில் வருவது. பாதத்தின் மேல்பக்கமும் விரல்களும் சேர்ந்து தடிக்கும். இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. கிருமியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ராத்திரி 10 மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வேண்டும், அது ரத்தத்தில் வெளிவருவது அந்த நேரத்தில்தான். சிரையால் வரும் வீக்கம் பெரும்பாலும் கணுக்காலையும் கெண்டைக்காலையும் பிடிக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், இரவு படுத்து எழுந்தால் வடியும். நீங்கள் சொன்ன காலை, மாலை வித்தியாசம் சிரைப் பக்கம்தான் கை காட்டுகிறது. இருந்தாலும் ஆரம்பகால நிணநீர் வீக்கமும் குழி விழும், வடியும். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று தேட வேண்டியது வேறு. ஒற்றைக் கால் என்றால், அதிலும் பெண்ணுக்கு என்றால், தவறாமல் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இடுப்புக்குள் வேறு ஏதாவது கட்டி சிரையை அழுத்துகிறதா என்பது. கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி, சினைப்பைக் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், வீங்கிய நெறிகள் எல்லாம் இதே மாதிரி ஒரு காலை மட்டும் வீங்க வைக்கும். மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் படுகிறதா, எடை குறைகிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். கூச்சப்பட்டால் உங்கள் அம்மாவையோ மயினியையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சி.டி.யில் இப்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய நிம்மதி.

இனி அந்த சி.டி. படம். அமெரிக்காவில் 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. வேறு காரணத்துக்காக வயிற்றில் சி.டி. எடுத்துக்கொண்ட, காலில் எந்தத் தொந்தரவும் இல்லாத 50 பேரின் படங்களைப் பார்த்தார்கள். 24 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர். அவர்களெல்லாம் கால் வீங்காமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அப்படியானால் நசுங்கியிருப்பது பல பேருக்குப் பிறவி அமைப்பு. அதோடு இன்னொன்று சேர்ந்தால்தான் அது நோயாகிறது: ரத்தக்கட்டி, அல்லது உள்தழும்பு, அல்லது பக்கவழிகளாலும் ஈடுகட்ட முடியாத அளவு அடைப்பு.

படம் எடுத்த நிலைமையும் முக்கியம். சித்திரை வைகாசி வெயிலில் முக்கூடலிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி, சாப்பிடாமல் தண்ணீரும் குடிக்காமல் வந்து, ஸ்கேன் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு மல்லாந்து படுத்தால், உடம்பில் நீர் குறைந்து சிரைகள் எல்லாமே சப்பையாகத்தான் தெரியும். நல்ல சிரையும் நசுங்கியதுபோல் இருக்கும். நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது, சாப்பாடு வேண்டாம் என்ற நேரத்திலும் தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுவரை நன்றாகக் குடியுங்கள் என்பது. ரத்தக்குழாய் தெரிவதற்கான சாய மருந்தை ஊசியில் ஏற்றிய உடனே எடுக்கிற படத்தில் தமனிகள்தான் தெரியும். சிரை தெரிய இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து எடுக்க வேண்டும். சிரைக்கென்றே எடுத்த படமா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். நசுக்கத்தோடு கூடப் பக்கவழிச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். என் கணக்கில், சதவீதத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். கதிர்வீச்சு வேண்டாம் என்கிற இளம்பெண்களுக்கு எம்.ஆர். ஸ்கேனிலும் சிரையைப் பார்க்கலாம்.

கடைசியான, நம்பகமான பரிசோதனை ஒன்று இருக்கிறது. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையில் உள்ள சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியால் சிரையை உள்ளேயிருந்தே பார்ப்பது. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதில் தெரியாமல் போகிற அடைப்புகளை இது காட்டிக்கொடுக்கிறது. தோல் கறுத்தும் புண் வந்தும் இருந்த 100 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டதில், சாயப்படம் நழுவவிட்ட முக்கியமான அடைப்பை ஏறக்குறைய கால்வாசிப் பேரிடம் இது பிடித்தது. வெளி அழுத்தமா, உள்தழும்பா, மூச்சை இழுத்து விடும்போது சிரை விரிகிறதா என்பதெல்லாம் இதில் நேரில் தெரியும். ஸ்டென்ட் வைப்பதாக இருந்தால் இந்தக் கருவி இருக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே பார்த்துவிட்டு, ‘இது தேவையில்லை, எழுந்திரும்மா’ என்று சொல்லி அனுப்பக்கூடிய மருத்துவராகவும் இருக்க வேண்டும்.

சிகிச்சையில் முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் உயிர் போகும். கால் திடீரென்று, ஒரு நாள் இரண்டு நாளில், தொடை வரை வீங்கி, இறுகி, நிறம் மாறினால் அது புது ரத்தக்கட்டி என்றே நினைக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பொருள். தைலம் தேய்க்கக் கூடாது, உருவி விடக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை மாதிரி எந்த நேரமும் ஸ்கேனும் மருத்துவரும் உள்ள பெரிய இடத்துக்குப் போய்விட வேண்டும். ஹெப்பாரின் ஊசியும், பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் குறைந்தது மூன்று மாதம் தர வேண்டியிருக்கும். குழாய் வழியாகக் கட்டியைக் கரைத்தோ உறிஞ்சியோ எடுக்கும் முறையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 692 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், கட்டியைக் கரைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் இரண்டு வருடத்துக்குப் பிறகு நாள்பட்ட கால் வீக்கம் வருவதில் வித்தியாசம் இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் கரைத்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. ஆனால் கட்டி இடுப்பு வரை ஏறியவர்களுக்கு வீக்கத்தின் கடுமை குறைந்தது. வயது குறைவு, கட்டி வந்து இரண்டு வாரத்துக்குள், இடுப்புச் சிரை வரை அடைப்பு, ரத்தக்கசிவு அபாயம் இல்லை என்றால் யோசிக்கலாம். கட்டி போன பிறகு அடியில் நசுக்கம் தெரிந்தால், அங்கே ஸ்டென்ட் வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. வைக்காமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி உறைய வாய்ப்பு அதிகம்.

உங்கள் அக்காவுக்கு ரத்தக்கட்டி இல்லை. ஆகவே அவசரமும் இல்லை. இந்த நிலையில் முதல் மருந்து காலுறைதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஏதோ ஒன்று வேண்டாம். மருத்துவர் எழுதிய அழுத்தத்தில், கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும், வீங்கிய பிறகு போட்டால் பிரயோசனமில்லை. ராத்திரி கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கோடையில் காலையிலிருந்து மதியம் வரையாவது போடச் சொல்வேன். அறவே போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். சர்க்கரை நோய் இருந்தாலோ, பாதத்தில் நாடி சரியாகக் கிடைக்காவிட்டாலோ, கேட்காமல் போடக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றி ஒன்று கேளுங்கள். அக்கா கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா? கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாரா? நம் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கிறது. சிரை நசுங்கியிருக்கிற பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை ரத்தம் உறைவதைத் தூண்டும் விஷயம். மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அம்மாவுக்கோ சித்திகளுக்கோ ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, அக்காவுக்குக் கரு அடிக்கடி கலைந்திருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் சீக்கிரம் உறையும் பரம்பரைக் குணமும், வேறு சில காரணங்களும் இருக்கின்றன, அவற்றுக்குப் பரிசோதனை உண்டு.

ஸ்டென்ட் என்றதும் உங்கள் அத்தான் பயந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத்துக்கு வைப்பது போன்றதல்ல இது. இதயத்துக்கு வைப்பது பெரும்பாலும் குறுக்களவில் 3 மி.மீ. அளவுதான். இடுப்புச் சிரைக்கு 14 மி.மீ., 16 மி.மீ. என்று விரல் தடிமனுக்கு வைக்க வேண்டும். சிறியதாகப் போட்டுவிட்டால் அது இடம் பெயர்ந்து ரத்தத்தோடு இதயம் வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அளவை உள்ளேயிருந்து பார்த்து எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். பெரும்பாலும் தொடையில் மரத்துப்போக ஊசி போட்டே செய்வார்கள், வெட்டு இல்லை, தையல் இல்லை. பலூனால் விரித்து, நிக்கல் டைட்டானியம் கலந்த வலைக்குழாயை நிறுத்துவார்கள். ஒரு வாரம் பத்து நாள் இடுப்பு வலி இருக்கும், அது சிரை விரிந்த வலி, பைய அடங்கும். பிறகு சில மாதமாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இடையிடையே டாப்ளர். சரியான ஆளுக்குச் சரியாக வைத்தால் கால் வடிவதை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் ஆறாத கணுக்கால் புண் மூன்று மாதத்தில் மூடியதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது எடுத்துவிடக்கூடிய பொருள் இல்லை. 34 வயதில் வைத்தால் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் அக்காவின் உடம்பில் இருக்கப்போவது. அது அடைத்துக்கொண்டால் வரும் தொல்லை, வைப்பதற்கு முன் இருந்ததைவிடப் பெரிது. மூன்றாவது பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகும் கர்ப்பமாகலாம், ஆனால் அந்த மாதங்களில் மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்ற வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் கருவிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது. வார்ஃபரின் எடுக்கிறவர்கள் முருங்கைக்கீரையை ஒரேயடியாக விடவும் வேண்டாம், திடீரென்று நாலு நாள் தொடர்ந்து சாப்பிடவும் வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவோ அதே அளவில் இருக்கட்டும். மேல் வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதுதான் நான் அதிகம் பயப்படுவது, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன், அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இந்த நசுக்கம் உள்ள சில பெண்களுக்குக் காலைவிட அடிவயிறுதான் வேதனை. நின்றால் கனக்கும், மாலையில் கூடும், மாதவிலக்குக்கு முன்னால் அதிகமாகும், தாம்பத்திய உறவுக்குப் பிறகு மணிக்கணக்கில் வலிக்கும், படுத்தால் குறையும். கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்துப்போய் ரத்தம் தேங்குவதால் வருவது அது. இடது சிறுநீரகச் சிரை இரண்டு தமனிகளுக்கு நடுவே நசுங்கினாலும் இதே வலி வரலாம், அப்போது விலாப்பக்கம் வலியும் சிறுநீரில் ரத்தமும் இருக்கும். இந்தப் பெண்களை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். வெள்ளைப்படுதலுக்கு மருந்து, குடல்புண்ணுக்கு மருந்து, மனசு சரியில்லை என்று மருந்து, கடைசியில் ‘ரெண்டு பிள்ளை ஆயிட்டுல்லா, கர்ப்பப்பையை எடுத்துரலாம்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள். எடுத்த பிறகும் வலி இருக்கிறது என்று என்னிடம் ஸ்கேனுக்கு வந்தவர்கள் உண்டு. கர்ப்பப்பையை எடுக்கும் முன், நின்ற நிலையில், மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, அந்தச் சிரைகளை ஒருமுறை டாப்ளரில் பாருங்கள் என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை இருக்கிறது. சினைப்பைச் சிரை கெட்டுப்போய் ரத்தம் கீழே இறங்குகிறது என்றால், குழாய் வழியாகக் கம்பிச்சுருள் வைத்து அதை அடைத்துவிடலாம். அதற்கு முன் மேலே நசுக்கம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வாய்க்கால் அடைத்திருக்கும்போது உபரித் தண்ணீர் போகிற வழியையும் மூடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம். சிரைக்கான ஸ்டென்ட் விலை கூடியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை வரம்பு இருக்கிறது. இந்தச் சிகிச்சை அக்காவின் விஷயத்தில் அதில் வருமா என்பதை மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுவிட்டுத்தான் கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் போங்கள். இரண்டாவது கருத்துக்கு ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பாருங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ போனால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படம் முழுவதும் பதிந்த குறுந்தகட்டை வாங்கிக்கொண்டு போங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து போக வேண்டாம், படுக்கை எடுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

என் தங்கைக்கு இப்படி என்றால் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கவட்டையிலும் அலையை ஒப்பிட்டு டாப்ளரை மறுபடி எடுப்பேன். சி.டி. தண்ணீர் குடித்த உடம்பில், சிரைக்கென்று எடுத்ததா, பக்கவழிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். ஆறு மாதம் காலுறையை ஒழுங்காகப் போட வைப்பேன். வாரம் ஒருமுறை சாயங்காலம் ஒரே நேரத்தில், இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் டெய்லர் டேப்பால் அளந்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்வேன். அதற்குப் பிறகும் தூக்கம் கெடுகிறது, வீட்டுவேலை செய்ய முடியவில்லை, நடந்தால் தொடை வெடிப்பதுபோல் வலித்துக் காலைத் தூக்கி வைத்தால்தான் அடங்குகிறது, அல்லது தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டது என்றால், உள்ளேயிருந்து பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பி, உண்மையான அடைப்பு என்று தெரிந்தால் ஸ்டென்டுக்குச் சம்மதிப்பேன். வீக்கம் அடங்கிவிட்டால் அந்த சி.டி. படத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, வருடம் ஒருமுறை டாப்ளர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பீடி வேலையை விட வேண்டுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. பீடி சுற்றியதால் சிரை நசுங்கவில்லை, அது பிறவி அமைப்பு. ஆனால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை சம்மணமிட்டு உட்கார்ந்தால் கவட்டையில் சிரை இன்னும் மடங்கும், கெண்டைக்கால் தசை வேலையே செய்யாது. ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்பு அந்தத் தசைதான். ஆகவே வேலையை விடச் சொல்லவில்லை, உட்காருகிற விதத்தை மாற்றச் சொல்லுங்கள். முதுகுக்குச் சுவர், காலை நீட்டி, குதிகாலுக்கடியில் ஒரு தலையணை, தட்டுக்கு ஒரு சின்னப் பலகை. ரெண்டு கட்டு முடிந்ததும் எழுந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், அடுக்களை வரை நடந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரட்டும். அந்தக் கொலுசைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.